குளிரில் குரூப் மாறிய ரத்தம்

உடம்பு தேறிவிட்டது, அதனால் எழுதுகிறேன். நன்றி சொல்லும் கட்டுரை என்று நினைத்துப் படிக்க உட்கார்ந்தால் ஏமாந்துபோவீர்கள். ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்தவர்கள் எல்லாரும் ஏதோ ஞானம் வந்ததுபோல் எழுதுகிறார்கள். எனக்கு ஞானம் எதுவும் வரவில்லை. கோபம்தான் வந்தது. அது இன்னும் முழுதாக இறங்கவில்லை. ஆனாலும் எனக்கு வந்தது அதிகம் பேர் கேள்விப்படாத நோய். என்னைப்போல இன்னொருத்தி, விரல் நுனி நீலமாகிப் போய், பேரீச்சம்பழம் சாப்பிடு என்ற அறிவுரையோடு எங்காவது உட்கார்ந்திருக்கலாம். அவளுக்காக எழுதுகிறேன்.

மாதாப்பூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் சம்பளக் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். எங்கள் தளத்தில் ஏ.சி. ரிமோட் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் முதலாளி. என் தலைக்கு நேர் மேலே குளிர்காற்று இறங்கும் ஓட்டை. மே மாதம், வெளியே ரோட்டில் தார் இளகுகிறது, உள்ளே நான் சால்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து இருக்கைப் பையன்கள் "மேடம், சிம்லா போயிட்டு வந்தீங்களா?" என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஆனால் ஒரு நாள் கீபோர்டில் வைத்த விரல்களைப் பார்த்தால் நுனியெல்லாம் நாவல்பழம் தின்ற மாதிரி நீலம். மூக்கு நுனியும் அப்படியே. ஓடிப்போய் பாத்ரூம் குழாயில் வெந்நீரில் காட்டினேன். கொஞ்ச நேரத்தில் பழைய நிறம் வந்துவிட்டது. திரும்பி வந்து உட்கார்ந்ததும் மறுபடி நீலம்.

அதற்கு முன்பே பல நாளாக இருமல் இருந்தது. படுக்கவைக்கிற காய்ச்சல் இல்லை. வேலைக்குப் போகவும் முடிகிறது, ராத்திரி தூங்கவும் முடியவில்லை, அந்த ரகம். அப்புறம் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. சிறுநீர் பால் விடாத கட்டஞ்சாயா நிறத்தில் போனது. வீடியோ காலில் என் மகள் ஆர்த்தி திரையை உற்றுப் பார்த்து, "மம்மி, உன் கண்ணு எல்லோவா இருக்கு. ஃபில்டர் போட்டிருக்கியா?" என்றாள். ஃபில்டர் இல்லை. பெங்களூரிலிருந்து அடுத்த பஸ் பிடித்து வந்துவிட்டாள்.

செகந்திராபாத் சைனிக்புரியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நர்சிங் ஹோம். அங்கே எக்ஸ்ரே எடுத்துவிட்டு, நெஞ்சில் நிமோனியா திட்டு இருக்கிறது, ரத்தம் பாதிக்கும் கீழே போய்விட்டது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார்கள். போகிற போக்கில் ரத்த குரூப்பும் பார்த்தார்கள். கண்ணாடித் தகட்டில் என் ரத்தத்தைச் சொட்டுச் சொட்டாக வைத்து, ஒரு சொட்டில் ஏ-யைக் கண்டுபிடிக்கும் மருந்து, இன்னொன்றில் பி-யைக் கண்டுபிடிக்கும் மருந்து. எதில் திரிகிறதோ அந்த குரூப். எனக்கு எல்லாச் சொட்டும் பால் திரிவதுபோலத் திரிந்துவிட்டது. ஏபி பாசிட்டிவ் என்று அச்சடித்துக் கொடுத்துவிட்டார்கள்.

"நான் ஓ பாசிட்டிவ்" என்றேன்.

"இங்க கண்ணு முன்னாடி தெரியுதே மேடம்" என்றார் லேப்காரர்.

என் கணவர் சேகர் விமானப்படையில் இருந்து ஓய்வுபெற்றவர். நல்ல மனுஷன். ஆனால் அச்சடித்து வந்துவிட்டால் அவருக்கு அது சாமி வாக்கு. "ரிப்போர்ட்ல ஏபின்னு இருக்கு, கோமதி. நீ சின்ன வயசுல பார்த்தது தப்பா இருக்கும்" என்றார். நான் ஆம்புலன்ஸில் ஏறுவதற்குள் காலனி வாட்ஸ்அப் குரூப்பில் ஏபி ரத்தம் வேண்டும் என்று செய்தி போட்டுவிட்டார். பழைய விமானப்படை நண்பர்கள் கையைச் சுருட்டிக்கொண்டு வரத் தயாராகிவிட்டார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. கூப்பிட்டால் வருகிறவர்கள்.

பெரிய ஆஸ்பத்திரியில் நுழைந்ததும் முதலில் தெரிந்தது குளிர். வரவேற்பறை, ஸ்கேன் அறை, லிஃப்ட், வார்டு, எல்லா இடத்திலும் குளிர். நோயாளிகளைப் பிணவறைக்குப் பழக்கப்படுத்துகிறார்களோ என்று தோன்றியது. சக்கர நாற்காலியில் உட்காரவைத்து ஏ.சி.க்கு நேராக நிறுத்திவிட்டு, காப்பீட்டு அனுமதி வரட்டும் என்றார்கள். "ஏ.சி.யைக் கொஞ்சம் குறைங்க, என் கையைப் பாருங்க" என்று நர்ஸிடம் காட்டினேன். அவள் கையைப் பார்க்காமல், "சென்ட்ரல் ஏ.சி. மேடம், மேமு ஏமி சேயலேமு" என்று போய்விட்டாள். எங்களால் ஒன்றும் செய்ய முடியாதாம். வார்டில் வந்து பார்த்த டாக்டர்கள் எல்லாரிடமும் இதைச் சொன்னேன். ரத்தம் குறைந்தால் குளிரும் என்றார்கள். குளிர்வது வேறு, நீலமாவது வேறு என்று சொல்ல எனக்கு மூச்சு இல்லை.

அப்புறம் ஊசி. ரத்தம் எடுத்துப் போவார்கள். கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து போன் வரும். சாம்பிள் கட்டிபட்டுவிட்டதாம், மறுபடி எடுக்க வேண்டுமாம். எடுப்பார்கள். மறுபடி கட்டிபட்டுவிடும். ரத்தம் இல்லை என்று வந்தவளிடமிருந்து இப்படி ரத்தம் எடுத்துக்கொண்டே இருந்தார்கள். கடைசியாக வந்த பெண், நான் ஏதோ வேண்டுமென்றே கட்டிபடவைப்பதுபோல என்னை முறைத்தாள். நானும் முறைத்தேன்.

ரத்த வங்கியிலிருந்து வந்த சேதி இன்னும் மோசம். ஒரு பரிசோதனையில் ஏபி என்று வருகிறது, எதிர்ப்பரிசோதனையில் ஓ என்று வருகிறது. கையில் இருக்கிற எந்தப் பாட்டில் ரத்தத்தோடு கலந்து பார்த்தாலும் திரிகிறது. அதனால் குரூப் தெளிவாகும்வரை ரத்தம் தர மாட்டார்கள். அதுவரை நான் என்ன செய்வது என்று கேட்டதற்கு, ஆக்ஸிஜன் வைத்தார்கள்.

இந்த நேரம் பார்த்து ஹப்சிகுடாவிலிருந்து என் நாத்தனார் விஜயா வந்து சேர்ந்தார். என் கணவரின் அக்கா. காலேஜில் விலங்கியல் பாடம் எடுத்து ரிட்டையர் ஆனவர். இன்னும் எங்கள் எல்லாரையும் இரண்டாம் வருடத்து மாணவர்களாகத்தான் பார்ப்பார். விஷயத்தைக் கேட்டதும் கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். டிஷ்யூ பேப்பரில் கட்டம் போட்டார்.

"கோமதி, உங்க அப்பா என்ன குரூப்?"

"ஓ."

"அம்மா?"

"ஏ. நான் அப்பா மாதிரி ஓ, அண்ணி."

"அப்போ நீ ஏபியா இருக்கவே முடியாதே. ஓவுக்கும் ஏவுக்கும் ஓ பொறக்கும், ஏ பொறக்கும், ஏபி பொறக்காது." கட்டத்தை என் முகத்துக்கு நேரே பிடித்தார். "ஆனா ரிப்போர்ட் ஏபிங்குது. ரிப்போர்ட் சரின்னா…" அங்கே நிறுத்திக்கொண்டார். காலேஜில் மாணவர்கள் பதிலை முடிக்கட்டும் என்று நிறுத்துவார்களே, அதுபோல.

என் கணவர் கட்டத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எதுவும் சொல்லவில்லை. எதுவும் சொல்லாமல் இருந்ததற்கு அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

"அண்ணி, வாயை மூடுங்க" என்றேன். கத்த நினைத்தேன். முகமூடிக்குள் அது கொட்டாவி மாதிரி வந்தது.

"நான் தப்பா ஒண்ணும் சொல்லலை. இது சயின்ஸ். டாக்டருக்கு க்ளியரா ஹிஸ்டரி வேணும். சேகர், நீ மாரேட்பள்ளி போய் அவங்க அம்மாவை ஒரு வார்த்தை கேட்டுடு. அந்தக் காலத்துல என்னென்னவோ நடந்திருக்கும். உயிரைவிட அதெல்லாம் பெருசா?"

ஆர்த்தி நடுவில் புகுந்தாள். "அத்தை, ஆர் யூ சீரியஸ்? பாட்டியப் போய் கேக்கறதா? சிக்கு லேதா மீக்கு?" கோபம் வந்தால் அவளுக்குத் தெலுங்குதான் வரும். வெட்கமில்லையா உங்களுக்கு என்று அர்த்தம். நாத்தனாருக்குத் தெலுங்கு நன்றாகத் தெரியும். முகம் சிவந்து போனார்.

என் அம்மாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வெள்ளைக்காரன் காலத்திலேயே கன்டோன்மென்ட் வேலைக்கு வந்து செகந்திராபாத்தில் தங்கிவிட்ட குடும்பம். தமிழும் தக்கனி உருதுவும் கலந்து பேசுவாள். அப்பா ரயில்வேயில் இருந்தார், போய்ப் பல வருஷம் ஆகிறது. நான் பிறந்தபோது அம்மாவுக்கு ரத்தம் தேவைப்பட்டு அப்பாதான் கொடுத்தார். அந்தக் கதையை அவர் சொல்லிச் சொல்லியே எங்கள் மூன்று பேர் குரூப்பும் எனக்கு மனப்பாடம். அந்த அம்மாவிடம் போய் இதைக் கேட்கக்கூடாது என்று என் கணவரிடம் கையைப் பிடித்துச் சொன்னேன். சரி என்று தலையாட்டினார்.

தலையாட்டிவிட்டு மறுநாள் காலையில் போயிருக்கிறார்.

மத்தியானம் அவர் திரும்பி வந்தபோது வார்டு டாக்டர் என் கட்டிலருகே நின்றுகொண்டிருந்தார். இவர் அட்டென்ஷனில் நிற்பதுபோல நின்று, "சார், ஃபேமிலி சைட்ல கன்ஃபர்ம் பண்ணிட்டேன். ஏபி கரெக்டாத்தான் இருக்கும். டோனர்ஸ் ரெடியா இருக்காங்க" என்றார்.

"யார் கன்ஃபர்ம் பண்ணது?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. "உங்கம்மாதான். கேட்டேன். ஆமாம்னாங்க."

நோயில் படுத்திருந்த நாட்களில் எது ரொம்பக் கஷ்டமாக இருந்தது என்று கேட்பவர்களிடம் நான் இருமல் என்றும் ஊசி என்றும் சொல்லிவிடுகிறேன். உண்மையில் அந்த மத்தியானம்தான். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அப்பாவின் மூக்குதான் எனக்கு. எல்லாரும் சொல்வார்கள். சால்வைக்குள் கையை விட்டு மூக்கைத் தொட்டுப் பார்த்தேன். ஐஸ் மாதிரி இருந்தது. போனை எடுத்து அம்மாவைக் கூப்பிடத் தைரியம் வரவில்லை. ஆமாம் என்று என்னிடமும் சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு நான் யார் என்று நினைத்துக்கொண்டு சாவது? அப்போது எனக்கு உயிர்மேல் பெரிய ஆசை இல்லை. செத்தாலும் என் அப்பாவின் மகளாகச் சாக வேண்டும் என்று இருந்தது.

சாயங்காலம் ரத்த வங்கியிலிருந்து ஒரு டாக்டர் நேரிலேயே வந்தார். பெயர் மாதவி. வரும்போதே எரிச்சலோடுதான் வந்தார். எங்கள் வார்டிலிருந்து வரும் சாம்பிள் எல்லாம் கட்டியாக இருக்கிறது, யார் ரத்தம் எடுப்பது என்று நர்ஸ்களைத் திட்டிக்கொண்டே வந்தார். எனக்குத் திட்டுகிறவர்களைப் பிடிக்கும். போர்வையிலிருந்து கையை எடுத்து அவர் முன்னால் நீட்டினேன்.

"இதையும் பார்த்துட்டுத் திட்டுங்க டாக்டர். ஏ.சி.யில வெச்சா நீலமாகுது. வெந்நீர்ல காட்டினா சரியாகுது. வந்ததுலேர்ந்து எல்லார்கிட்டயும் சொல்றேன். ஒருத்தரும் கேக்கலை."

அவர் திட்டுவதை நிறுத்திவிட்டார். என் விரலை எடுத்துத் தன் இரண்டு உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். திறந்து பார்த்தார். நிறம் திரும்பியிருந்தது. "எத்தனை நாளா இருமல்?" என்று கேட்டார். எக்ஸ்ரேயை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அதற்குப் பிறகு அந்த வார்டில் நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. ஏ.சி. ஓட்டையை அட்டை வைத்து மறைக்கச் சொன்னார். ஆர்த்தி கட்டில்மேல் ஏறி நின்று பழ டப்பா அட்டையை பிளாஸ்டரால் ஒட்டினாள். வீட்டிலிருந்து ஃபிளாஸ்க்கில் கொண்டுவந்த வெந்நீரை அளவாக ஆற்றி, ரத்தம் எடுக்கும் குழாய்களை முதலில் அதில் சூடாக்கினார். என் கையையும் சூடு பண்ணி, ரத்தத்தை எடுத்து, அதே வெதுவெதுப்பில் வைத்து, தானே தூக்கிக்கொண்டு ஓடினார். லிஃப்டுக்குக்கூட நிற்கவில்லை.

திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்து சொன்னார். தெலுங்கும் ஆங்கிலமுமாகச் சொன்னதை நான் தமிழில் தருகிறேன்.

"நீங்கள் ஓ பாசிட்டிவ். சூடு குறையாமல் வைத்து, சிவப்பணுக்களை வெதுவெதுப்பான உப்புநீரில் கழுவிப் பார்த்தோம். ஏ மருந்திலும் திரியவில்லை, பி மருந்திலும் திரியவில்லை. முன்னால் திரிந்தது குரூப்பினால் இல்லை. உங்கள் ரத்தம் குளிர்ந்தால் தானாகவே திரிகிறது."

என் கணவர் விடவில்லை. "மேடம், ஆனா என் மாமியாரே…"

"ரத்தத்தின் குரூப்பை நாங்கள் ரத்தத்திடம்தான் கேட்போம். மாமியாரிடம் கேட்பதில்லை" என்றார் மாதவி. அந்த ஒரு வாக்கியத்துக்காக இந்தக் கட்டுரையில் நன்றி என்ற சொல்லை ஒரே ஒரு முறை பயன்படுத்துகிறேன். நன்றி, டாக்டர்.

எனக்கு என்ன நோய் என்று அவர் விளக்கியதை இங்கே எழுதிவிடுகிறேன். தேவைப்படுகிறவர்கள் பொறுமையாகப் படியுங்கள்.

நம் உடம்புக்குள் கிருமி வந்தால் அதைப் பிடிப்பதற்கென்று ஒரு புரதம் தயாராகிறது. பாடப்புத்தகத்தில் எதிர்ப்பொருள் என்பார்கள், ஆஸ்பத்திரியில் ஆன்டிபாடி. ஒவ்வொன்றும் ஆங்கில ஒய் எழுத்து மாதிரி இருக்கும். நான்கு சங்கிலிகள் சேர்ந்து ஆனது: இரண்டு நீளமானவை, இரண்டு குட்டையானவை. ஒய்-யின் இரண்டு கை நுனிகள்தான் பிடிக்கிற இடம். அந்த நுனி ஒவ்வொரு கிருமிக்கும் ஏற்றபடி வேறு வேறாக இருக்கும். கீழே இருக்கிற கால் மற்ற வேலைக்காரர்களைக் கூப்பிடும். பிடித்ததைச் செயலிழக்க வைப்பது, பலதை ஒன்றாகக் கட்டிப்போடுவது, தின்கிற செல்களுக்கு இதைத் தின்னு என்று அடையாளம் காட்டுவது, ரத்தத்திலேயே மிதக்கும் காம்ப்ளிமெண்ட் என்ற புரதக் கூட்டத்தை ஏவிவிடுவது, இதெல்லாம் இவற்றின் வேலை.

இதில் ஐந்து ஜாதி உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆங்கில எழுத்துதான் பெயர்; ரத்த குரூப் எழுத்துகளோடு சம்பந்தமில்லை. ரத்தத்தில் நிறைய இருப்பது ஜி. தாயின் வயிற்றில் இருக்கும் குழந்தைக்குள் போகக்கூடியதும் அதுதான். கண்ணீர், எச்சில், தாய்ப்பால் இவற்றில் ஏ. அலர்ஜியில் மூக்கு ஒழுகவைப்பது ஈ, குடலில் பூச்சி இருந்தாலும் அது வரும். டி என்று ஒன்று, ஆன்டிபாடி செய்கிற செல்களின் மேலேயே உட்கார்ந்திருக்கும். அதன் முழு வேலை என்னவென்று டாக்டர்களுக்கே இன்னும் சரியாகத் தெரியவில்லையாம். அதைக் கேட்டதும் எங்கள் அலுவலகத்து மேனேஜர் ஞாபகம் வந்தது. கடைசியாக எம். ஐந்து ஒய்-கள் காலோடு கால் சேர்த்து வட்டமாக நிற்கும் பெரிய உருவம். புதுக் கிருமி வந்தால் முதலில் ஓடிவருவது இதுதான். பத்துக் கை இருப்பதால் பலதையும் ஒரே பிடியாகப் பிடித்துக் கட்டிவிடும்.

என்னைக் கவிழ்த்தது இந்த எம். நிமோனியாக் கிருமியைப் பிடிக்கத்தான் என் உடம்பு இதைச் செய்தது. ஆனால் அந்தக் கிருமி வந்துபோகும்போது, என் சிவப்பணுவின் மேல் இருக்கும் ஒன்றையும் சேர்த்து எதிரி என்று எடுத்துக்கொண்டுவிட்டது. சூடாக இருக்கும் இடத்தில் இந்த எம் சும்மா இருக்கும். கை விரல், மூக்கு நுனி, காது என்று குளிர்ந்த இடத்துக்கு ரத்தம் போனதும் சிவப்பணுக்களைப் பிடித்து ஒட்டவைக்கும். ரத்தம் சரியாக ஓடாமல் விரல் நீலமாகும். காம்ப்ளிமெண்டையும் கூப்பிட்டுவிடும். ரத்தம் திரும்ப உடம்பின் நடுவுக்கு வந்து சூடானதும் இது கையை விட்டுவிடும். ஆனால் காம்ப்ளிமெண்ட் ஒட்டியபடியே இருக்கும். அப்படி அடையாளம் பட்ட சிவப்பணுக்களைக் கல்லீரல் தின்றுவிடும். மஞ்சள் கண்ணும் கட்டஞ்சாயா சிறுநீரும் அதனால்தான். ஆக, மாதாப்பூரில் ஒவ்வொரு நாளும் அந்த ஓட்டைக்குக் கீழே உட்கார்ந்து நான் என் ரத்தத்தை நானே அழித்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு அவர்கள் அந்த வேலையை எடுத்துக்கொண்டார்கள்.

"ஏபி ரத்தம் ஏத்தியிருந்தா?" என்று ஆர்த்தி கேட்டாள்.

மாதவி என் கணவரைப் பார்த்துத்தான் பதில் சொன்னார். ஓ குரூப்காரர்களின் ரத்தத்தில் ஏ-யையும் பி-யையும் எதிர்க்கும் ஆன்டிபாடி பிறந்து கொஞ்ச மாதத்திலிருந்தே இருக்குமாம். அதிலும் நிறைய இந்த எம் ஜாதிதான். அவற்றுக்குக் குளிர் தேவையில்லை. ஏபி ரத்தம் உள்ளே போன நிமிஷமே உடைக்க ஆரம்பித்துவிடும். சிறுநீரகம் போகும், உயிரும் போகலாம். "அதனால்தான் என்னைத் திட்டினாலும் பரவாயில்லை என்று ரத்தத்தைத் தராமல் வைத்திருந்தேன். இன்னும் இறங்கியிருந்தால் ஓ ரத்தம்தான் கொடுத்திருப்பேன். யார் வந்து எதை கன்ஃபர்ம் பண்ணினாலும்."

என் கணவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் எனக்கு வேறு ஒன்று மனதில் ஓடிக்கொண்டிருந்தது. நான் ஓ என்றால் அம்மா ஏன் ஆமாம் என்றாள்?

ரத்தம் வந்தது. சூடாக்கும் கருவி வழியாகச் சுற்றி, மெதுவாக, கையைச் சுற்றி வெந்நீர்ப் பையோடு ஏற்றினார்கள். ஆர்த்தி பழைய சாக்ஸில் அரிசியைப் போட்டுக் கட்டி, கேன்டீன்காரரிடம் கெஞ்சி மைக்ரோவேவில் சூடு பண்ணிக் கொண்டுவருவாள். ஒரு ஜோடி ஆறுவதற்குள் இன்னொரு ஜோடி வந்துவிடும். "நேனு சூஸ்குண்டானு மா, நீ தூங்கு" என்பாள். நான் பார்த்துக்கிறேன் என்கிறாள். கடைசிவரை அரிசி வேகிற வாசனையோடு கிடந்தேன். நிமோனியாவுக்கு மாத்திரை, ரத்தம் ஊறுவதற்கு ஒரு மாத்திரை, மற்றபடி சூடாக இருப்பதுதான் மருந்து. கிருமி போனால் அந்த எம்மும் மெல்ல மெல்லக் குறைந்துவிடும் என்றார்கள். குறைந்தது. டிஸ்சார்ஜ் அன்று பில்லில் ஏ.சி. அறை வாடகை என்று ஒரு வரி இருந்தது. அதைப் படித்துவிட்டு கவுண்டரில் நான் போட்ட சத்தத்தில் காவலாளி வந்தார். ரத்தம் நன்றாக ஏறியிருக்கிறது என்று அதிலிருந்தே தெரிந்துகொண்டேன்.

நாத்தனார் ஆப்பிளோடு வீட்டுக்கு வந்தார். "சயின்ஸ்ல எக்செப்ஷன்னு ஒண்ணு இருக்கும் இல்லையா" என்றார்.

"எக்செப்ஷன் ஒண்ணும் இல்லை அண்ணி. உங்க கட்டம் சரிதான். உங்க புத்திதான் தப்பு" என்றேன். ஆப்பிளை வைத்துவிட்டுப் போய்விட்டார். ஆப்பிள் மாவாக இருந்தது.

வெயில் தாழ்வதற்குள் என்னை மாரேட்பள்ளிக்கு அழைத்துப்போகச் சொன்னேன். முன்பெல்லாம் மே மாத வெயிலைத் திட்டாத நாள் கிடையாது. அன்றைக்குக் கார் ஜன்னலை இறக்கிவிட்டுக் கையை வெளியே நீட்டிக்கொண்டு போனேன்.

அம்மா முழங்கால் வலியோடு கதவைத் திறந்து, என் இரண்டு கையையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உள்ளே போய் உட்கார்ந்ததும் நான் சுற்றி வளைக்கவில்லை.

"அம்மா, நான் ஓ தான். ரத்தம் பார்த்துச் சொல்லிட்டாங்க."

"ஹவ், ஆமாம். வேற என்னவா இருப்பே?"

"அப்ப இவர் வந்து கேட்டப்ப ஏன் ஆமாம்னு சொன்னே?"

அம்மா அவரைப் பார்த்தாள். அவர் வாசற்படியிலேயே செருப்பைக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தார்.

"மாப்பிள்ளை வந்து நின்னார். பாவம், முகமே சரியில்லை. குரூப் புரியலை, அதனால ரத்தம் தர மாட்டேங்கறாங்க, ஏபிதான்னு வீட்ல ஒத்துக்கிட்டா உடனே ஏத்திடுவாங்கன்னார். உள்ள ஒரு பொண்ணு மூச்சுக்குத் தவிக்குது. நான் என்ன பண்ணட்டும்? ஒத்துக்கிட்டேன்."

"அம்மா, எதை ஒத்துக்கறோம்னு தெரிஞ்சா சொன்னே? அப்பாவை…"

"தெரியாம என்ன? விஜயாதான் கேக்கச் சொன்னதுன்னாரே, அந்தப் பேச்சு எனக்குப் புரியாதா?" என் தலையைப் பிடித்துத் தன் தோளில் சாய்த்தாள். "உனக்கு ரத்தம் தர்றாங்கன்னா நான் எதுக்கு வேணா ஆமாம்னுவேன். உங்கப்பாவும் இருந்திருந்தா, சொல்லு, சொல்லித் தொலைன்னு நின்னிருப்பார். கைக்கு அழறே? நக்கோ, அழாதே." எதுக்கு, வேண்டாம் என்பதெல்லாம் அவளுக்குத் தக்கனியில்தான் வரும்.

என் கணவர் செருப்போடு உள்ளே வந்து அம்மாவின் காலைத் தொட்டார். நான் தடுக்கவில்லை. மருத்துவமனையில் அவரிடம் யாரும் அப்படி ஒரு விதியைச் சொல்லவில்லை. பயத்தில் அவராகவே நினைத்துக்கொண்டு, அவராகவே வந்து கேட்டிருக்கிறார்.

அம்மா எழுந்து காப்பி போடப் போனாள். தன் மானத்தைக் கொடுத்து என் உயிரை வாங்கிவிட்டதாக அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். அந்த ஆமாமை நம்பி அவர்கள் ஏபி ரத்தம் ஏற்றியிருந்தால் நான் அன்றைக்கே போயிருப்பேன். இதை அவளிடம் சொல்லக்கூடாது என்று என் கணவரிடம் சொல்லிவைத்திருக்கிறேன். நாத்தனாரை மிரட்டியே வைத்திருக்கிறேன். இதைப் படிக்கிற நீங்கள் மாரேட்பள்ளிப் பக்கம் என் அம்மாவைப் பார்க்க நேர்ந்தால், அவளால்தான் நான் பிழைத்தேன் என்று சொல்லுங்கள்.